வராத விருந்தாளிகளின் பதிவேடு

ரோஸ்வித்தா ஹாஸ்லிங்கருக்கு வானத்தைக் கழுவிக் கொடுக்கிற வேலை. ஏழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ம்யூனிக்கிற்கு வடக்கே, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில் நிற்கிற ஆராய்ச்சி நிலையத்தில், இரண்டாம் மாடியில், அறை எண் 214. ஊழியர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'தொழில்நுட்ப உதவியாளர்' என்று இருக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கேன்" என்பாள். அதற்கு மேல் எவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்தவர் வேலையைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்பது அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

வானம் இருட்டாக இருக்கிறது என்பது நம் கண்ணின் அபிப்பிராயம். மென்மையான எக்ஸ் கதிரைப் பார்க்கிற கண் இருந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மங்கலான வெளிச்சம் பரவிக் கிடக்கும். நட்சத்திரம் இல்லாத இடத்திலும் கிடக்கும். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. ஏற்றி வைத்தது யார் என்பதுதான் அந்த நிலையத்தில் பலருக்குச் சோறு போட்ட கேள்வி.

ரோஸ்வித்தாவின் மேலதிகாரி டாக்டர் லாம்பெர்ட் ஷெக்கிடம் விடை இருந்தது. இந்தக் கதிர் நோஞ்சான், நடுவில் கொஞ்சம் வாயு கிடந்தாலும் தாண்டி வராது, ஆகவே இது தூரத்துச் சரக்காக இருக்க முடியாது, நம் பக்கத்திலேயே பிறந்ததுதான் என்பார் அவர். எந்தக் காலத்திலோ சில நட்சத்திரங்கள் வெடித்து, சுற்றுவட்டாரத்தைத் துடைத்தெடுத்து, முந்நூறு ஒளியாண்டு அகலத்துக்கு ஒரு குமிழியை உண்டாக்கிவிட்டன. உள்ளே பத்து லட்சம் டிகிரியில் கொதிக்கிற வாயு. கொதித்து என்ன, ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி மெலிந்த வாயு. அதன் நடுவில் நம் சூரியன், பெரிய மாளிகையில் ஒண்டியாகக் குடியிருக்கிறது. ஷெக் இருபத்திரண்டு வருடமாக அந்த மாளிகையை அளந்துகொண்டிருந்தார். அதன் சுவர் எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவதை அவருடைய மனைவிதான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அதுவும் அவருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது என்று நிலையத்தில் பேச்சு. நான் அதை நம்பவில்லை. ஒரு வாரம் இருக்கும்.

1990 கோடையில் ஒரு செயற்கைக்கோள் மேலே போனது. ஆறு மாதம் வானத்தைப் பட்டை பட்டையாகப் படம் பிடித்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும். சிக்கல் அங்கேதான். திங்கட்கிழமை பார்த்த இடம் புதன்கிழமை பார்க்கும்போது கூடுதல் வெளிச்சமாக இருக்கும். முந்நூறு ஒளியாண்டுக் குமிழி இரண்டு நாளில் மனம் மாறாது. அப்படியானால் கூடுதலாகத் தெரிவது பூமிக்குப் பக்கத்தில் ஏதோ கோளாறு, அழுக்கு. ஷெக் ஒரு விதி வகுத்தார். ஒரே இடத்துக்குப் பல அளவுகள் வந்தால், எது எல்லாவற்றிலும் குறைவோ அதுதான் வானம். மிச்சத்தைக் கழித்துவிடு. சிக்கனத்துக்காக விளக்கை அணைத்துவிட்டு டெலிபோன் பேசுகிற ஊரில்தான் இப்படி ஒரு விதி தோன்றும். எவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. குறைவாக இருப்பது பொய்யாக இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கழிக்கிற வேலை ரோஸ்வித்தாவுக்கு வந்தது.

அதே கோடையில் அவளும் வீடு மாறியிருந்தாள். பதினேழு வருடக் கல்யாணம் முடிந்து, சாமான் பிரித்துக்கொண்டபோது கணவர் காரையும் தொலைக்காட்சியையும் எடுத்துக்கொண்டார். அவளுக்கு மூடி போட்ட பெரிய சூப் பாத்திரமும், தோல் அட்டை போட்ட விருந்தாளிப் பதிவேடும் வந்தன. பதிவேடு கல்யாணப் பரிசு. வீட்டுக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது அதில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கணவருக்கு ஆள் வருவது பிடிக்காது. ஆகையால் பதினேழு வருடத்துப் பதிவேடு வாங்கிய கடையின் வாசம் மாறாமல் இருந்தது.

புது வீடு இரண்டு அறை. எதிரே பேருந்து நிறுத்தம். ஆறு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரும் சந்தோஷமாக வருகிறோம் என்றார்கள். முதலில் கூப்பிட்டது நிலையத்தின் செயலாளர் வால்ட்ராட்டை. அக்டோபர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. ரோஸ்வித்தா பிளம்ஸ் பழ கேக் சுட்டு, மேஜை விரிப்புக்கு இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"ஹாஸ்லிங்கர் அம்மா, தப்பா நினைக்காதீங்க. நெஞ்செல்லாம் சளி கட்டிக்கிச்சு. வந்து உங்களுக்கும் ஒட்ட வச்சா நல்லாவா இருக்கும்? இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்."

"பரவால்ல வால்ட்ராட் அம்மா. உடம்பைப் பாருங்க."

இன்னொருவருக்கு மாமியார் வந்துவிட்டாள். இன்னொருவர் அன்றைக்குப் பார்த்துக் காருக்குக் குளிர்கால டயர் மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் ஷெக், அப்போது இன்னும் கூடவே இருந்த மனைவியோடு டிசம்பர் இரண்டாம் தேதி வருவதாகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய முதல் மெழுகுவர்த்தி ஞாயிறு. அவர் சாக்குக்கூடச் சொல்லவில்லை, மறந்தே போனார். மறுநாள் காலை அவளைப் பார்த்து "வாரக்கடைசி நல்லாப் போச்சா?" என்று கேட்டார். "நல்லாப் போச்சு டாக்டர்" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் செயற்கைக்கோள் பதிவுகள் அவள் மேஜைக்கு வந்தன. ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்த்துக் கழித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அக்டோபர் 14, பிற்பகல் மூன்று. அந்த நிமிடத்திலிருந்து வானம் மெல்லப் பிரகாசமாகி, மூன்று நாள் அப்படியே இருந்து, பதினேழாம் தேதி காலை அடங்கியிருந்தது.

வால்ட்ராட் வரவில்லை. ஆனால் யாரோ வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினாள்: 'வால்ட்ராட். அக்டோபர் 14, மதியம் 3 மணிக்கு வருகை. 17 காலை 7 மணிக்குப் புறப்பாடு. சூப் நான்கு தட்டு. மாவுருண்டை தொடவில்லை.'

சூப் என்றால் மிக மென்மையான கதிர். உருண்டை என்றால் அதைவிடச் சற்றுக் கடினமான கதிர். ஒரு தட்டு என்பது குறிப்பிட்ட ஒரு அளவு. எழுதியது வேடிக்கைக்குத்தான், ஆனால் கணக்காக எழுதினாள். வேடிக்கையைக் கூடச் சுமாராகச் செய்ய அவளுக்கு வராது.

ஆறு மாதத்தில் எண்பத்தேழு ஏற்றம். வருவதாகச் சொல்லி வராதவர்கள் பதினொரு பேர்தான். அவர்கள் பெயர் போதாத நாட்களுக்குப் பல் டாக்டர் வந்தார், தபால்காரர் வந்தார், மேல்வீட்டு ஓபர்மாயர் நாயோடு வந்தார். பஸ்ஸா என்கிற ஊரிலிருந்த அத்தை இரண்டு முறை வந்தாள். அவள் இறந்து நான்கு வருடமாகியிருந்தது, ஆனால் அழைத்தால் மறுக்கிற பழக்கம் உயிரோடிருந்தபோதும் அவளுக்குக் கிடையாது. ஏற்றமே இல்லாத நாட்களுக்கு 'எவரும் இல்லை' என்று எழுதினாள். பதிவேடு நிறைந்தது. பணி முடிந்தது. கழுவித் துடைத்த வானத்தின் வரைபடம் புத்தகமாக வந்தது. கழித்த அழுக்கு இருந்த கம்ப்யூட்டர் நாடாக்கள் வேறு வேலைக்கு வேண்டுமென்று அழிக்கப்பட்டன. அழுக்கைப் பத்திரப்படுத்துவதற்கு எந்த விதியும் இல்லை.

அதன் பிறகு ஒரு வால் நட்சத்திரம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. 1996 வசந்தத்தில் பூமிக்குப் பக்கமாகப் போன அது எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. வெறும் பனிக்கட்டி உருண்டை. அது எக்ஸ் கதிர் விடுவது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மீன் விசிலடிப்பது மாதிரி. பெரியவர்களெல்லாம் தலையைச் சொறிந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபரில், லியுப்லியானாவிலிருந்து மத்யாஷ் என்கிற முப்பது வயது ஆராய்ச்சிக்காரன் ஒரு வருட விருந்தினராக நிலையத்துக்கு வந்தான். சொறிந்து முடித்தவர்கள் சொன்ன விடை அவனிடம் இருந்தது. திங்கட்கிழமை காப்பி நேரத்தில் அதை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"சூரியன்லருந்து காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு இல்லையா. அதுல வர அணுவெல்லாம் எலக்ட்ரானை இழந்துட்டு, பசியோட வருது. வழியில சும்மா கிடக்கிற குளிர்ந்த வாயு அகப்பட்டா அதுகிட்டேருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கும். பிடுங்கின சந்தோஷத்துல மென் எக்ஸ் கதிர் ஒண்ணை விடும். வால் நட்சத்திரத்துல நடந்தது அதுதான். பூமியைச் சுத்தியும் வாயு இருக்கு. இங்கேயும் நடக்கணும்."

"நடந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஷெக்.

"நடந்திருந்தா, உங்க செயற்கைக்கோள்ல அப்பப்ப ஏறி இறங்கினது அதுவாத்தான் இருக்கும் டாக்டர். அந்த மாசங்கள்ல சூரியக் காத்து எவ்வளவு அடிச்சதுன்னு வேற விண்கலம் அளந்த பதிவு என்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாப் போதும். ஏற்றங்களோட தேதி எங்க இருக்கு?"

"குப்பைக்கு யாராவது தேதி போட்டு வைப்பாங்களா?"

"உங்க ஊர்ல வைப்பீங்களே. பச்சை பாட்டில் ஒரு தொட்டி, பழுப்பு பாட்டில் ஒரு தொட்டி, காகிதம் வெள்ளிக்கிழமை. வந்த முதல் வாரமே தயிர் டப்பாவைக் கழுவாம போட்டேன்னு கீழ்வீட்டுக்காரர் கையில எடுத்துட்டு வந்து கதவைத் தட்டிட்டாரு."

வால்ட்ராட் சிரித்தாள். "அதெல்லாம் தெருவுக்குப் போற குப்பை தம்பி. இது வானத்துலருந்து வந்தது."

"என்கிட்ட இருக்கு" என்றாள் ரோஸ்வித்தா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. காப்பிக் கோப்பைகள் நின்றன. நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வருடத்தில் அந்த மேஜையில் அவள் சர்க்கரையைத் தள்ளச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"தேதியோடயா?" என்றான் மத்யாஷ்.

"மணியோட. எவ்வளவு பலம்னும் குறிச்சிருக்கேன்."

"வியாழக்கிழமை மூணு மணி" என்றார் ஷெக். "எடுத்துட்டு வாங்க. பார்த்துடலாம்."

அன்று வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தவளுக்குக் காது சூடேறியது. அதில் இருந்தது தேதிகள் மட்டுமல்ல. யாரைக் கூப்பிட்டாள், யார் வரவில்லை, வராதவர்களை உட்கார வைத்து எத்தனை தட்டு பரிமாறினாள் என்பது முழுக்க அவள் கையெழுத்தில் இருந்தது. நாற்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை எக்ஸ் கதிருக்குச் சூப் ஊற்றியிருக்கிறாள். இதை அந்த அறையில் விரித்தால், அதன்பின் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதுதான் பாக்கி.

நல்லவேளை, தட்டச்சு தெரியும். செவ்வாயும் புதனும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தடித்தாள். பெயருக்குப் பதில் எண். ஒன்று முதல் எண்பத்தேழு. தட்டுக்குப் பதில் அளவு. ஏழு பக்கம், ஓரத்தில் பிசிறில்லாமல். ஆனாலும் வியாழக்கிழமை கிளம்பும்போது பதிவேட்டையும் சமையலறைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு எண் சந்தேகமாக இருந்தால் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

வியாழக்கிழமை கூட்ட அறையில் நான்கே பேர். மத்யாஷ், ஷெக், குறிப்பெடுக்க வால்ட்ராட், ரோஸ்வித்தா. மத்யாஷ் சூரியக் காற்றின் வரைகோட்டை மேஜை நீளத்துக்கு உருட்டி விரித்திருந்தான். ரோஸ்வித்தா ஏழு பக்கத்தையும் எடுத்து வைத்தாள்.

ஷெக் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது எப்ப அடிச்சது?"

"நேத்து முடிச்சேன் டாக்டர்."

"அப்ப இது 1991-ல எழுதின பதிவு இல்லை. கேள்வி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதின பதில். இதை நான் ஒத்துக்க முடியாது. உங்களைச் சந்தேகப்படலை, முறையைச் சொல்றேன். மூலப் பதிவு எங்க?"

"அது... கையெழுத்துல இருக்கு. சொந்தக் குறிப்பு."

"இருக்கட்டும். அதுல எப்படி இருக்கோ அப்படியே படிங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது, ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. இல்லைன்னா காப்பி குடிச்சிட்டுக் கலைஞ்சிடலாம்."

கலைந்துவிடலாம் என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்பது தெரிந்தது. குமிழியைப் பற்றி அவர் யோசித்திருப்பார். ரோஸ்வித்தாவுக்கு வழி திறந்தே இருந்தது. மூலப் பதிவு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதும். வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்போது கண் மேஜைக்குப் போனது. மத்யாஷின் காகிதத்தில், அக்டோபர் நடுவில் ஒரு மேடு. மதியத்தில் மெல்ல ஏறி, மூன்று நாள் தட்டையாக உட்கார்ந்து, காலையில் சட்டென்று எழுந்து போகிற மேடு. ஊரில் நூறு பேர் முதுகைக் காட்டி நின்றாலும் நம் வீட்டாளை அடையாளம் தெரியாதா? நவம்பரில் இரட்டை முதுகோடு இன்னொன்று. அது ஓபர்மாயர், பக்கத்தில் சின்னதாக நாய். டிசம்பர் தொடக்கத்தில் எல்லாவற்றையும் விட உயரமாக ஒன்று நின்றது. அதையும் அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த மணிக்கு ஏறியது, எப்போது இறங்கியது, உருண்டை சாப்பிட்டதா, இதெல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் இந்த அறையை விட்டுப் போக முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கம் பெரிதுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இது நின்றபோது, வெட்கம் அரைத் தலை குட்டையாக இருந்தது.

துண்டை அவிழ்த்தாள். தோல் அட்டையில் தங்க எழுத்தில் 'எங்கள் விருந்தாளிகள்' என்று மின்னியது. வால்ட்ராட்டின் புருவம் ஏறியது. ரோஸ்வித்தா அவளைப் பார்க்காமல் படித்தாள்.

"வால்ட்ராட். அக்டோபர் 14, மதியம் மூணு மணிக்கு வருகை. 17 காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. சூப் நாலு தட்டு. மாவுருண்டை தொடவில்லை."

"யாரு?" என்றாள் வால்ட்ராட்.

"எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன்."

"நான் உங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே. அன்னைக்கு எனக்கு நெஞ்சுச் சளி..." பாதியில் நிறுத்தினாள். அவளுடைய கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மத்யாஷ் பென்சிலால் ஒரு கோடு போட்டான். "அச்சாப் பொருந்துது. சூப்புன்னா எந்தப் பட்டை?"

"மிருதுவானது."

"பிரமாதம். அடுத்த ஆள்?"

அவன் ஒருவனுக்குத்தான் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு போட்டு, 'அடுத்த ஆள், அடுத்த ஆள்' என்று முடிதிருத்தும் கடைக்காரன் மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். டயர் மாற்றப் போனவர் வந்து போனார். மாமியார் வந்ததாகச் சொன்னவர் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து போனார். வால்ட்ராட் குறிப்பெடுக்கிற பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். இருபத்து மூன்று பேர் முடிந்தார்கள். ரோஸ்வித்தா பக்கத்தைத் திருப்பினாள், நின்றாள்.

"என்ன?" என்றார் ஷெக். "அப்படியே படிங்கன்னு சொன்னேனே."

"டாக்டர் ஷெக், மனைவியுடன்" என்று படித்தாள். "டிசம்பர் 2, ஞாயிறு, மதியம் ரெண்டரைக்கு வருகை. சீக்கிரமே வந்துட்டாங்க. 8-ஆம் தேதி விடியக்காலை புறப்பாடு. சூப் ஒம்பது தட்டு. உருண்டை நாலு. அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க."

சூடேற்றும் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஷெக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். எழுந்து மேஜையின் அந்தக் கோடிக்குப் போய், டிசம்பர் மேட்டின் மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். எட்டாம் தேதி விடியற்காலையில் விரல் கீழே இறங்கியது.

"பொருந்துது" என்றார்.

எண்பத்தேழில் எண்பத்தொன்று பொருந்தியது. மத்யாஷுக்குக் கால் தரையில் இல்லை. கடைசியாக ஒன்று கேட்டான். "நடுவுல நடுவுல 'எவரும் இல்லை'ன்னு வருதே?"

"அது ஏற்றம் இல்லாத நாள். அதைத்தான் சுத்தமான வானம்னு எடுத்துக்கிட்டோம்."

அவன் காகிதத்தில் அந்த நாட்களைத் தேடினான். "அன்னைக்கும் காத்து அடிச்சிருக்கே. கம்மியாத்தான், ஆனா அடிச்சிருக்கு. ஒரு நாள்கூட நிக்கலை." ஷெக்கை நிமிர்ந்து பார்த்தான். "அப்படின்னா எவரும் இல்லாத நாள்லயும் ஒருத்தர் இருந்திருக்காரு டாக்டர். எப்பவும் ஒரே அளவா உள்ளேயே இருந்ததால தெரியலை. அவரையும் சேர்த்துத்தான் நீங்க குமிழின்னு அளந்திருக்கீங்க."

"எவ்வளவு?"

"தெரியாது. கால்வாசி இருக்கலாம். பாதி இருக்கலாம்."

இருபத்திரண்டு வருடத்தில் பாதி பதினொன்று. ஷெக் அதைக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ரோஸ்வித்தா வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தியில் அவளுக்கு ஆறுதல் இருப்பதாக மத்யாஷ் போன்ற ஆட்கள் நினைக்கலாம். எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருந்து, இருப்பதே தெரியாத ஒருத்தரோடு அவள் பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவள். அதை விருந்து என்று அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பதிவேடு மறுநாளே நிலையத்தின் இரும்பு அலமாரிக்குப் போனது. முதுகில் ஒரு எண் ஒட்டினார்கள். இனி அதில் எவரும் எழுதக் கூடாது, பென்சிலால்கூட. அது ஆதாரம். எழுதிய பெண்ணே பார்க்க வேண்டுமானாலும் படிவம் நிரப்பி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அவள் பயந்தபடி யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அதற்குப் பதிலாக வால்ட்ராட் அவளைக் கண்டால் 1990-ஆம் வருடத்துச் சளியைப் பற்றி விவரமாகப் பேசினாள், எந்த டாக்டர், என்ன மருந்து என்றெல்லாம். டயர்க்காரர் படிக்கட்டில் அவளைப் பார்த்ததும் எதையோ மறந்தவர் போலத் திரும்பி ஏறினார். முன்பு மறந்துபோனதால் வரவில்லை. இப்போது நினைவிருப்பதால் வர முடியவில்லை. காப்பி மேஜையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியை எல்லோரும் மரியாதையாகக் காலியாக விட்டார்கள்.

நவம்பரில் அலுவலகத் தபாலில் ஒரு உறை வந்தது. அறை 209-லிருந்து அறை 214-க்கு. 'மதிப்பிற்குரிய ஹாஸ்லிங்கர் அம்மையாருக்கு, தங்களுக்கு இடையூறில்லையெனில் வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வர விரும்புகிறேன். லா. ஷெக்.' அவள் அதே உறையில் பதில் போட்டாள். 'இடையூறில்லை.'

மூன்று அடிக்கும்போது மணியை அழுத்தினார். கீழே முன்னமே வந்து நின்று காத்திருந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், ஜன்னலில் பார்த்தாள். காகிதத்தைப் பிரித்துப் பூங்கொத்தைக் கொடுத்தார். கோட்டை மாட்டினார். ஆறு நாற்காலியில் எதில் உட்காருவது என்று தடுமாறி, கதவோரத்தில் இருந்ததில் உட்கார்ந்தார். மற்ற ஐந்தும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கேக் நல்லா இருக்கு."

"பேரிக்காய் போட்டது. இன்னொரு துண்டு?"

"போதும். ஒண்ணு போதும்." கோப்பையைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தார். "குமிழி முழுசாப் போயிடாது, இல்லையா? நீங்க எல்லா அளவையும் பார்த்தவங்க. பால்வீதித் தளத்துக்கு மேலயும் கீழயும் பார்த்தா வெளிச்சம் கூட இருக்கே. அந்தக் கூடுதல் காத்தால வந்ததா இருக்க முடியாது."

"முடியாது டாக்டர். அது நிக்கும்."

"ஏதோ ஒரு பாகம் நிக்கும்."

"நிக்கும்."

இதையே மூன்று விதமாகக் கேட்டார். மூன்று விதமாகச் சொன்னாள். டிசம்பர் இரண்டைப் பற்றி அவர் பேசவில்லை. பேசுவதற்காகத்தான் வந்தார் என்பது அவர் சர்க்கரைக் கிண்ணத்தை இரண்டு முறை நகர்த்தியதில் தெரிந்தது. மூன்றே முக்காலுக்கு எழுந்து, கை கொடுத்து, "நன்றி, ஹாஸ்லிங்கர் அம்மா. திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ரோஸ்வித்தா ஜன்னலுக்கு வந்தாள். மூன்று நாற்பத்தேழு பேருந்து அவர் தெருவைக் கடக்கும் முன்பே கிளம்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தது நாற்பது நிமிடம் கழித்துத்தான். ஷெக் நிறுத்தத்தில் நின்று அட்டவணையைப் படித்தார். அதை முழுக்கப் படித்து முடித்தபின், விடுமுறை நாட்களுக்கான அட்டவணையையும் படித்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் அவள் நின்றாள், எதிரே அவர் நின்றார். பத்து நிமிடம் ஆனது. சூப் பாத்திரம் அளவுக்குக் காப்பி மிச்சமிருந்தது.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"அடுத்தது நாலு இருபத்தேழுக்கு டாக்டர்."

"பார்த்தேன். போட்டிருக்கு."

"மேல வந்து உட்காரலாமே. மழை."

ஷெக் தொப்பியைச் சற்றுத் தூக்கினார். "கிளம்பறேன்னு சொல்லிட்டேனே" என்றார். அதில் பெருமை எதுவும் இல்லை. நிலைமையைச் சொன்னார். எங்கள் ஊரில் கை கொடுத்து விடைபெற்ற பிறகு மறுபடி மாடியேறுவதற்கு எவருக்கும் வழி தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதனால் வற்புறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜன்னலை மூடுங்க, ஹாஸ்லிங்கர் அம்மா. வீட்டுச் சூடெல்லாம் வெளியில போகுது."

"போகட்டும்."

அவர் கழுத்துப் பட்டியைத் தூக்கி விட்டுக்கொண்டு, நிழற்குடை இருந்தும் அதன் அடியில் போகாமல், ஜன்னல் தெரிகிற இடத்திலேயே நின்றார். அவளும் நின்றாள். பேருந்து இரண்டு நிமிடம் தாமதமாக, உள்ளே எல்லா விளக்குகளும் எரிய, ஆளில்லாமல் வந்தது. ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். திருப்பத்தில் பின்விளக்குகள் மறைந்தன.

அதற்குப் பிறகும் அவள் ஜன்னலை மூடவில்லை. அதன் அடியில் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று சத்தம் போட்டபடி தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.